வெளிக்கிடு, பிள்ளை

பிள்ளை, தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு என்னிடம் கேட்டது வேறு கட்டுரை. "சுழற்காற்றில் பிள்ளைகளைக் காத்த விசில் ரீச்சர்" என்று தலைப்பையும் தாங்களே போட்டு, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், பொன்னாடையோடு எடுத்த படம் ஒன்றும் தாருங்கோ என்று தலைவர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். மூன்று தரமும் "ஓம், எழுதுறன்" என்றேன். நேற்றுப் பின்னேரம் உன் அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் பாதி அடுக்கின நீலப் பெட்டி. பார்த்துவிட்டு வந்து குசினி மேசையில் இருந்தேன். எழுத வந்தது இந்தக் கடிதம்தான். தாய் மகளுக்கு எழுதுகிறதை ஏன் ஊர் வாசிக்கவேண்டும் என்று நீ கேட்பாய். ஊர் பார்க்கத்தானே நான் அந்தப் பொன்னாடையைப் போர்த்துக்கொண்டேன்? அப்படியென்றால் இதையும் ஊர் பார்க்கட்டும். பக்கம் கூடிப்போனால் சமையல் குறிப்பை எடுத்துவிடலாம். போன வருடமும் அதே கத்தரிக்காய்ப் பால்கறிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ சிட்னிக்கு வெளிக்கிடுகிறாய். வெஸ்ட்மீட் ஆசுப்பத்திரியில் தாதியாகப் புது வேலை, தை பிறந்தால் கல்யாணம். வெளிக்கிடுகிறாய் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக அது என் வாயில் வரவில்லை. கோயிலுக்குப் போக நிற்கும்போதுகூட "ரெடியா?" என்றுதான் கேட்கிறேன். "அம்மா ஏன் இப்ப இங்கிலிஷ் கதைக்கிறா?" என்று நீ அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எங்களுக்கு அது எவ்வளவு நல்ல சொல். குளித்து, உடுத்து, பொட்டு வைத்துப் பயணத்துக்கு ஆயத்தமாவது எல்லாம் அதற்குள் அடங்கும். கல்யாணப் பொம்பிளையைச் சோடிப்பதையும் வெளிக்கிடுத்துவது என்றுதான் சொல்வோம். உன் மாப்பிள்ளை சென்னைப் பிள்ளை, அவருக்கு இது எப்படித் தெரியும்? முதல்முறை வீட்டுக்கு வந்த அன்று, ஸ்பிரிங்வேலுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகிற சந்தோசத்தில் "தம்பி, வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ" என்று நான் அவசரப்படுத்த, அவர் முகம் வாடிப்போய் வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்றார். வீட்டைவிட்டுத் துரத்துகிறேன் என்று நினைத்திருக்கிறார். நீ சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டாய். அது காற்று வருவதற்கு இரண்டு மாதம் முந்தி.

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. நீ பிறந்த காலத்தில் நான் வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குண்டு போடும் விமானம் வருகிற சத்தம் மற்றவர்களுக்குக் கேட்பதற்கு முதல் எனக்குக் கேட்கும். விசிலை ஊதி "வெளிக்கிடுங்கோ!" என்று ஒரு கத்துக் கத்தினால், பிள்ளைகள் கொப்பியையும் பென்சிலையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மரங்களுக்குக் கீழே வெட்டியிருந்த பங்கருக்கு ஓடுவார்கள். பங்கரில் இடம் போதாதவர்கள் வெட்டவெளியில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்தவேண்டும். கட்டடத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. கட்டடம்தான் ஆளைக் கொல்லும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்லிக் கொடுப்பேன். ஒருநாள் குண்டு பள்ளிக்கூடத்தின் மேலேயே விழுந்தது. கூரை, கதிரை, கரும்பலகை ஒன்றும் மிஞ்சவில்லை. புழுதி அடங்கினபிறகு பங்கரில் இருந்து ஏறி வந்து, பெயர் இடாப்பும் எரிந்துபோனபடியால், மனப்பாடமாகப் பெயர் கூப்பிட்டேன். ஒரு பிள்ளை தவறாமல் "உள்ளேன், ரீச்சர்" என்றது. வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். மிச்சத்தை வாசிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்.

நீ அப்போது மூன்று வயதுக் குஞ்சு. கதைக்கப் பழகின கையோடு "வெளிக்கிது! வெளிக்கிது!" என்று எனக்குப் பின்னால் நீயும் கத்துவாய். ஐந்து வயதில் உன்னை இங்கே கொண்டுவந்தோம். டண்டினொங்கில் மூன்றாம் மாடி, ஒரு அறை வீடு, அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. வந்து சில மாதத்தில், நகரத்தில் கார் ஓட்டப் போட்டி நடந்த நாளில், வேடிக்கைக்காக விட்ட சண்டை விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேலால் போனது. நான் நைற்றியோடு உன்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடி, கார் நிறுத்தும் இடத்துப் புல்லில் உன்னைக் கீழே வைத்துக் குப்புறப் படுத்துவிட்டேன். கீழ் வீட்டில் இருந்த பொஸ்னியாக்காரி அம்ரா கதவைத் திறந்து தலையை நீட்டி, "இன்சைட், டார்லிங்! பாத்ரூம்! பாத்ரூம்!" என்று கத்தினாள். அவள் அதே சத்தத்துக்குத் தன் புருசனை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடியிருக்கிறாள். அவளுடைய ஊர்ச் சண்டையில் தெருவில் நின்றவர்கள்தான் செத்தார்களாம், உள்ளுக்குள் ஒளித்தவர்கள் தப்பினார்களாம். வீடு இடிந்து விழுமே என்று நான் கையால் காட்ட, குண்டுத் துண்டு பறந்து வந்து வெட்டுமே என்று அவள் கையால் காட்ட, இரண்டு பேரும் அரைகுறை இங்கிலிஷில் அந்தப் புல்லில் நின்று சண்டை பிடித்தோம். பிறகு அவள் கோப்பி போட்டுத் தந்தாள். குடித்துக்கொண்டே நான் மனதுக்குள், விசரி, மூளை குழம்பினவள், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

பிறகு நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் நான் சொல்லவேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி தொடங்கினபோது ஒழுங்குக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார்கள், நான்தான் கையைத் தூக்கினேன். அதே விசில், புதுக் கயிறு. வருடத்துக்கு ஒருமுறை நெருப்புப் பயிற்சி வைப்பேன். விசில் கேட்டதும் பிள்ளைகள் வரிசையாக மண்டபத்தை விட்டு வெளியேறி, மைதானத்து மூலையில் பெரிய யூக்கலிப்ரஸ் மரத்துக்குக் கீழே வந்து நிற்கவேண்டும். நான் மரத்தடிக்கு வருவதற்குள் பிள்ளைகள் வந்து நின்றுவிடுவார்கள், அவ்வளவு பழக்கம். பெயர் கூப்பிட்டால் "ஹியர்" என்று சொல்லக்கூடாது, "உள்ளேன்" என்றுதான் சொல்லவேண்டும் என்று பிடிவாதமாகப் பழக்கினவளும் நான்தான். இந்தப் பயிற்சியில் சனிக்கிழமைதோறும் தேத்தண்ணி போட வருகிற தவம் அண்ணையும் சேர்ந்து ஓடுவார். அவரும் வன்னி. எழுபது வயது. "உங்களுக்கெல்லாம் முதல் நான் வந்திட்டன் பிள்ளை" என்று மரத்தடியில் நின்று இளித்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் வாணி விழா அன்று காலையிலிருந்தே வடக்குக் காற்று சுட்டது. ஏடு தொடக்க வந்த குழந்தைகள், அரிசித் தட்டுகள், அவல், கடலை, சேலை கட்டின சின்னப் பெட்டைப்பிள்ளைகள் என்று மண்டபம் நிரம்பி வழிந்தது. நீ இரவு வேலை முடித்து நித்திரை இல்லாத கண்ணோடு நேராக வந்து, நீ படிப்பிக்கிற வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாய். மத்தியானத்துக்குப் பிறகு வானம் ஒருவிதமான பச்சை நிறத்துக்கு வந்தது. எல்லாருடைய போனும் கத்தியது. இந்த நாட்டில் காற்றுக்கு ஒரு எச்சரிக்கை, மழைக்கு ஒரு எச்சரிக்கை, வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. நான் போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன். நீ வாசித்தாய். ஏற்கெனவே இரண்டு இடத்தில் சுழற்காற்று இறங்கிவிட்டது, இன்னும் இறங்கும், யன்னல் இல்லாத சின்ன அறைக்குள் போகச் சொல்லிக் கிடக்குது என்று கொண்டுவந்து எனக்குக் காட்டினாய். "பேச்சுப் போட்டி முடியட்டும் பிள்ளை, நடுவர்மார் இருக்கினம்" என்றேன். இது என் முதல் பிழை. இதை அப்பாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. தாழ்வாக, விடாமல், ஒரு பக்கத்தில் இருந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிற சத்தம். நான் யோசித்து எழும்பவில்லை, என் உடம்பு எழும்பிவிட்டது. விசிலை ஊதினேன். "வெளிக்கிடுங்கோ! கெதியா! வெளியில போய்க் குப்புறப் படுங்கோ!" என்று கத்தினேன். நான் பழக்கின பிள்ளைகள் அல்லவா, ஒருவர் தவறாமல் எழும்பி மைதானக் கதவுப் பக்கம் திரும்பினார்கள். தவம் அண்ணை வழக்கம்போல எல்லாருக்கும் முதல் வெளியே பாய்ந்துவிட்டார். அடுத்தது பிள்ளைகள். அப்போதுதான் நீ குறுக்கே வந்து, கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாய். "நோ அம்மா! இன்சைட்! எல்லாரும் ரொய்லெட்டுக்குள்ள!" என்று கத்தினாய். பிறந்ததிலிருந்து நீ என்னை எதிர்த்துக் குரல் உயர்த்தினதில்லை. "விடு பிள்ளை, கட்டிடம் விழப்போகுது!" என்று நான் உன்னைத் தோளில் பிடித்துத் தள்ளினேன். ஓம், தள்ளினேன். நீ அசையவில்லை. என் கழுத்தில் இருந்த விசிலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தாய், கயிறு அறுந்தது. அதை நீ ஊதினாய். விசில் கேட்டால் ஓடவேண்டும் என்பது மட்டும்தான் பிள்ளைகளுக்குத் தெரியும், எந்தப் பக்கம் என்பதை உன் கை காட்டியது. அத்தனை பிள்ளைகளும் திரும்பி ஓடினார்கள். அந்த நேரம் காற்று கதவைப் பிடித்து அறைந்தது. உன் இடது கை நிலையில் இருந்தது. விரல் முறிந்த சத்தம் எனக்கு மற்ற இரைச்சலுக்குள்ளும் கேட்டது. நீ கையை உருவி எடுத்து, மற்றக் கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

அந்தக் கழிப்பறைகள் செங்கல் சுவர் வைத்தவை, யன்னல் இல்லை. பிள்ளைகள், தாய்மார், கைக்குழந்தைகள், இரண்டு நடுவர்மார் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகக் குந்தியிருந்தோம். லைற் போனது. எழும்பி வெளியே போகப் பார்த்தேன், பங்கருக்குப் போகவேணும் என்று சொன்னேனாம். நீ வந்து என் மடியில் ஏறி, உன் முழுப் பாரத்தையும் போட்டு இருந்துவிட்டாய். நீ கடைசியாக என் மடியில் ஏறி இருபது வருடம் இருக்கும். இருந்தபடியே இருட்டுக்குள் பெயர் கூப்பிடத் தொடங்கினாய். என்னுடைய குரலில், என்னுடைய இழுவையில். கூரை பிடுங்குப்படுகிற சத்தத்துக்குள்ளும் ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன்" என்றது. அழுதுகொண்டு சொன்னது, விக்கிக்கொண்டு சொன்னது, எல்லாம் எனக்கு இப்போதும் கேட்கிறது. பிறகு ஒன்றுமே கேட்காத ஒரு நேரம் வந்தது.

வெளியே வந்தபோது மண்டபத்துக்குக் கூரை இல்லை. கும்பம் சரிந்து, ஏடு தொடக்கின அரிசி நிலமெல்லாம் பரவிக் கிடந்தது. கூரை எங்கே என்று தேடவேண்டியிருக்கவில்லை. மைதானத்து மூலையில், அந்த யூக்கலிப்ரஸ் மரத்தையும் முறித்துக்கொண்டு, நான் வருடாவருடம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தின இடத்தில் அப்படியே கிடந்தது. அதன் கரையில் தவம் அண்ணை குப்புறப் படுத்து, காதைப் பொத்தினபடி, ஒரு கால் தகரத்துக்குக் கீழே. நல்ல காலம், உயிர் இருந்தது. நான் அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றார் ஓடி வந்தார்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆர் இவையளை ரொய்லெட்டுக்குள்ள கொண்டுபோனது?" என்று கேட்டார். நீ கையைச் சால்வையால் சுற்றிக்கொண்டு நின்றாய். என்னை ஒருமுறை பார்த்தாய். "அம்மாதான். அம்மாதான் விசில் அடிச்சவ" என்றாய். அந்த மனுசன் என் காலில் விழாத குறை. அருகில் நின்று கண்ட தாய்மார் ஒருசிலர் இருந்திருப்பார்கள், ஆனால் அந்த அமளியில் எல்லார் காதிலும் நின்றது விசில் மட்டும்தான். அது என் விசில். நான் வாய் திறக்கவில்லை.

அன்று பின்னேரம் ஆசுப்பத்திரியில், உன் கையை எக்ஸ்றே படம் எடுக்கக் காத்திருந்தபோது, நான் உனக்குச் சொன்ன முதல் வார்த்தை என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? நீ மறந்திருக்கவேண்டும் என்று கடவுளைக் கும்பிடுகிறேன், ஆனால் நீ மறக்கிற ஆள் இல்லை. "சனத்துக்கு முன்னால தாயின்ர கழுத்தில கைவைச்சிட்டாய், என்ன?" என்றேன். கழுத்தில் கயிறு வெட்டின சின்னக் காயத்தைத் தடவிக்கொண்டு சொன்னேன். இரண்டு விரல் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நீ, "சொறி அம்மா" என்றாய். நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் உன்னிடம் மன்னிப்பு வாங்கினேன். தாதிக்குக் கைதான் எல்லாம் என்று எனக்குத் தெரியாதா? உன் சின்னவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. நீ தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போதெல்லாம் அது தனியே நீட்டிக்கொண்டு நிற்கும், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அடுத்த கிழமைகளில் ஊருக்கு மூச்சுவிட நேரம் இருக்கவில்லை. அன்று அந்தக் காற்று ஒன்றாக வரவில்லை, ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல இடத்தில் இறங்கியிருந்தது. ஒரு தெருவில் எல்லா வீடும் அப்படியே இருக்க, அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கும் ஓடு இல்லை. கரண்ட் வர நாட்கள் எடுத்தது. எங்கள் வீட்டில் மூன்று குடும்பம், குளிக்க வரிசை. ஒரேஞ்ச் உடுப்புப் போட்ட தொண்டர்கள் மழை ஒழுகாமல் கூரைகளுக்கு மேல் நீலப் படங்கு விரித்துக் கட்டினார்கள், கோயில் மடப்பள்ளி காலையும் மாலையும் சாப்பாடு அனுப்பியது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமை என்று தெரியாமல் ஒரு தட்டு இறைச்சியைச் சுட்டுக்கொண்டு வந்து நிற்க, அப்பா அவர் மனம் நோகக்கூடாது என்று விரதத்தை முறித்தார். (விரதத்தை முறிக்க அவருக்கு ஒரு காற்று தேவைப்பட்டது என்று நீ பகிடி பண்ணினாய்.) புட்டுப் பார்சலோடு நான் போன ஒவ்வொரு வீட்டிலும் "விசில் ரீச்சர் வந்திட்டா" என்று சனம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அழுகிற ஆளிடம் எப்படி மறுத்துச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நன்றி விழா வைத்தார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தும்போது கீழே பார்த்தேன். இரண்டாவது வரிசையில் நீ, ஒரு கையில் பிளாஸ்ரர், மற்றக் கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாய். ஒரு கையால் தட்டினால் ஓசை வராது என்பார்கள். எனக்கு அது மட்டும்தான் கேட்டது.

தவம் அண்ணையைப் பார்க்கப் போக எனக்கு ஒரு மாதம் எடுத்தது. காலுக்குக் கம்பி வைத்திருந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே, "பிள்ளை, எனக்கும் ஒரு பொன்னாடை தந்திருக்கலாமே. உம்மட விசிலுக்கு மரியாதை குடுத்து ஓடினது நான் ஒராள்தானே" என்றார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. "அண்ணை, நான் சொல்லித்தான் நீங்கள்..." என்று தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார். "நீர் விசில் அடிக்காட்டியும் நான் ஓடியிருப்பன். பழகின கால், என்னைக் கேட்டுக்கொண்டா ஓடினது?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தி, "உம்மட மகள் கதவில நிக்காட்டி..." என்றார். இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் தேத்தண்ணி போட வருகிறார். ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மலரில் போடலாமா என்று அவரிடம் மட்டும்தான் கேட்டேன். "ஓம், போடும். என்ர பங்குக்குக் கால் முறிஞ்சதையும் மறக்காமல் எழுதும்" என்றார்.

ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்று நீ கேட்கலாம். மானம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே வேறொரு பயம் கிடந்தது, பிள்ளை. இங்கே என் விசில் பிழை என்றால், வன்னியில் அந்தப் பிள்ளைகள் தப்பினதும் என் திறமை இல்லையோ, சும்மா அதிர்ஷ்டம்தானோ என்ற பயம். அந்த ஒரு நாளை இழந்துவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூன்று கிழமைக்கு முன்னர்தான் அது உடைந்தது. இப்போது நாங்கள் கடன் வாங்கி வைத்திருக்கிற மண்டபத்தில் பாடம் நடந்துகொண்டிருக்க ஒரு பெரிய இடி இடித்தது. பிள்ளைகள் எல்லாரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். உன் வகுப்பில் இருந்த அந்த இரட்டைப் பின்னல்காரி, ஏழு வயது, என் கையைப் பிடித்து, "ரீச்சர், வென் யூ ப்ளோ இட், இன்சைட்டா அவுட்சைட்டா?" என்று கேட்டாள். இத்தனை பிள்ளைகள் என் விசில்தான் தங்களைக் காப்பாற்றினது என்று நம்பிக்கொண்டு இருக்கிறார்கள், அடுத்தமுறை அதைக் கேட்டதும் எந்தப் பக்கம் ஓடுவார்கள்? நான் மறைத்தது என் மானத்தை மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே இங்கே, ஊர் அறிய: நீ சொன்னது சரி, நான் சொன்னது பிழை. பிள்ளைகளைக் காப்பாற்றினது என் மகள். அவள் கதவில் நிற்காவிட்டால் இந்த வருடம் மலர் இல்லை, விழா இல்லை, பெயர் கூப்பிடப் பிள்ளைகளும் இல்லை. பெற்றார் கோபித்தால் கோபிக்கட்டும், ஒழுங்குப் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன். அதுவரைக்கும் இரண்டு பயிற்சி பழக்குகிறேன். நெருப்பென்றால் வெளியே, காற்றென்றால் உள்ளே. விசில் ஊதினபிறகு எந்தப் பக்கம் என்று வாயால் சொல்லாத ரீச்சருக்கு ஒருவரும் கீழ்ப்படியக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் நாளே அந்த இரட்டைப் பின்னல்காரி என்னைத் திருத்திவிட்டாள், கேட்டால் நீ சந்தோசப்படுவாய். அம்ராவையும் தேடிப்பிடித்துப் போன் எடுத்தேன். அவள் இப்போது மகனோடு வேறு ஊரில் இருக்கிறாள். "பாத்ரூம்" என்று ஒரு சொல்தான் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். இவ்வளவும் எழுதினபிறகு நான் எந்த முகத்தோடு புத்தி சொல்வது? ஆனாலும் வாய் சும்மா இருக்காது. உன் மாப்பிள்ளையோடு சண்டை வந்தால், என்னைப்போல முதல் சத்தத்திலேயே ஓடாதே. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார். அவருக்கும் அவருடைய வீட்டுப் பழக்கம் இருக்கும், நீ வெளியே ஓடுகிற நேரத்தில் அவர் உள்ளே ஓடுவார். இரண்டு பேருக்கும் விசர் இல்லை. பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடு, ஒரு வருடம் வைத்திருந்தால் அது பொன்னாடை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். மற்றவருடைய மானத்தைக் காப்பாற்ற நீ பொய் சொல்கிற ஆள். அது உன் நல்ல குணம் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் உன் தாய், நான் சொல்கிறேன், இனி வேண்டாம். எனக்காகச் சொன்னது கடைசியாக இருக்கட்டும். நான் சொல்கிற எதையும், இதையும் சேர்த்து, உன் கண்ணால் பார்த்துச் சரி என்று பட்டால் மட்டும் செய். எனக்கு உன்னில் கோபம் ஒருநாளும் இருந்ததில்லை. அன்று கதவில் நின்ற உன்னைப் பார்த்து நான் பயந்தேன், பிறகு இந்த வருடம் முழுவதும் அந்தப் பெட்டையை நினைத்து நினைத்துப் பூரித்தேன். அதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.

பொன்னாடையை உன் நீலப் பெட்டியின் அடியில், தலையணை உறைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். எடுத்து வெளியே வைக்காதே. பொன்னாடையில் பெயர் எழுதுவதில்லை என்பது எவ்வளவு வசதி. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் ஹோர்ன் அடிப்பார், நீ உன் வழக்கப்படி ஒரு காதுத் தோட்டைத் தேடிக்கொண்டு நிற்பாய். "ரெடியா?" என்று நான் கேட்கமாட்டேன். இந்தமுறை வெளியேதான் சரி, எனக்குத் தெரியும், பார்த்துத்தான் சொல்கிறேன். வெளிக்கிடு, பிள்ளை. வடிவாய் வெளிக்கிடு. அங்கே போய் எந்தக் காற்றிலும், எந்த நேரத்திலும், என் பெயரைக் கூப்பிட்டுப் பார்.

உள்ளேன்.

அம்மா